முதல்முதலாப் பூட்டின கொம்பியூட்டர்: காத்தாடி சுத்துது, படம் வரேல்லை, பெட்டியைத் தொட்டா கரண்ட் அடிக்குது

கொக்குவில் தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல். எழுதிட்டு கம்பஸ் கிடைக்குமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். அதுக்கிடையில கிராபிக்ஸ் வேலை பழகுவமெண்டு, மாமா அனுப்பின காசில ஒவ்வொரு சாமானாச் சேத்து ஒரு கொம்பியூட்டர் பூட்டியிருக்கிறன். ரைசன் 5 5600 சீபியூ புதுசு. பி450 மதர்போர்ட் பாவிச்சது. 8 ஜீபி டீடீஆர்4 ராம் ரெண்டு, 500 ஜீபி என்விஎம்இ டிஸ்க், 550 வாட் பவர் சப்ளை எல்லாம் புதுசு. ஜீடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட் பாவிச்சது. மொனிற்றர் இன்னும் வாங்கேல்லை, ஹோலில இருக்கிற ரீவியிலதான் குத்திப் பாக்கிறன்.

சுவிச்சை அமத்தினா காத்தாடி எல்லாம் சுத்துது. ரீவியில சிக்னல் இல்லை எண்டுதான் வருது. கீபோர்ட் லைட்டும் எரியேல்லை. ஒரு ராமை மட்டும் போட்டுப் பாத்தன், இடம் மாத்தியும் பாத்தன், அதே கதைதான்.

இன்னொரு பிரச்சினை. வெறுங்காலோட நிண்டு பெட்டியின்ர பின்பக்கத்தைத் தொட்டா சுர்ரெண்டு அடிக்குது. அம்மா பயந்து பிளக்கைக் கழட்டி வைச்சிட்டா. போர்டை வித்தவர் தன்னட்ட இருக்கேக்க நல்லா வேலை செய்தது எண்டுறார். வேற போர்ட் வாங்கவேணுமோ? ஆராவது சொல்லுங்கோ, கையில இனிக் காசில்லை.

வடமராட்சி அக்கா:

தங்கச்சி, ஒண்டும் வாங்கவேண்டாம், பொறுங்கோ. ரெண்டு விசயம் பாத்துச் சொல்லுங்கோ. எச்டிஎம்ஐ வயரைப் போர்டில குத்தினீங்களோ, கார்டில குத்தினீங்களோ? 5600க்குள்ள கிராபிக்ஸ் இல்லை, 5600ஜீக்குத்தான் இருக்கு. அதால போர்டின்ர எச்டிஎம்ஐயில ஒருநாளும் படம் வராது. மற்றது, சீபியூவுக்குப் பக்கத்தில, போர்டின்ர மேல் மூலையில 8 பின் பவர் வயர் ஒண்டு போகவேணும். 24 பின் பெரிய வயர் மட்டும் குத்தியிருந்தாலும் காத்தாடி சுத்தும், ஆனா சீபியூ எழும்பாது.

கொக்குவில் தங்கச்சி:

கார்டிலதான் அக்கா குத்தியிருக்கிறன். 8 பின் வயரும் கிளிக் எண்டு இறுகி இருக்கு. போர்டின்ர ஓரத்தில குட்டி லைட் நாலு இருக்கு, சீபியூ, டிராம், விஜிஏ, பூட் எண்டு எழுதியிருக்கு. அதில சீபியூ எண்டதுதான் சிவப்பா எரிஞ்சுகொண்டே நிக்குது.

சுன்னாகம் அண்ணை:

பிள்ளை, படம் வராதது பிறகு. முதல்ல அந்தக் கரண்ட் அடிக்கிறதைப் பாப்பம். நான் வயரிங் வேலை செய்யிற ஆள், இதை லேசா எடுக்கவேண்டாம்.

பவர் சப்ளைக்குள்ள, கரண்ட் வாற இடத்தில இரைச்சலை வடிகட்டவெண்டு ரெண்டு சின்னக் கப்பாசிற்றர் இருக்கும். லைவில இருந்து ஒண்டும் நியூற்றலில இருந்து ஒண்டும் பெட்டியின்ர தகரத்துக்குப் போகும். எர்த் வயர் இருந்தா அந்தத் துளிக் கரண்ட் நிலத்துக்குப் போயிடும். எர்த் இல்லாட்டி எங்கட 230 வோல்ற்றில பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ற், தகரத்தில நிக்கும். ரெஸ்ரரை வைச்சா மங்கலா எரியும். ஓடுற கரண்ட் ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவாத்தான் இருக்கும், அதாலதான் சுர்ரெண்டு மட்டும் படுது. சாமான் பழுதில்லை. பழுது உங்கட வீட்டுப் பிளக்கில.

ஆனா இண்டைக்கு சுர்ரெண்டு அடிக்கிறது நாளைக்கும் அப்பிடியே நிக்குமெண்டு நினைக்கக்கூடாது. உள்ள ஒரு லைவ் வயர் கழண்டு தகரத்தில முட்டினா, எர்த் இருக்கிற வீட்டில உடனே பியூஸ் போகும், இல்லாட்டி ட்ரிப் சுவிச் விழும். எர்த் இல்லாத வீட்டில ஆராவது தொடுமட்டும் ஒண்டும் விழாது.

மூண்டு பின் பிளக் எண்டபடியா எர்த் இருக்கெண்டும் நினைக்காதேங்கோ. எங்கட யாழ்ப்பாணப் பக்கத்துப் பழைய வீடுகளில மூண்டு ஓட்டை இருக்கும், உள்ள ரெண்டு வயர்தான் வந்திருக்கும். பழைய வயரிங்கில பச்சை, புதுசில பச்சையும் மஞ்சளும் கலந்தது. அதுதான் எர்த். சிலவேளை வயர் இருக்கும், வெளியில அடிச்ச எர்த் கம்பி துருப்பிடிச்சு அறுந்திருக்கும். இஞ்ச கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக் கல்லு, கம்பி ஆழமா இறங்காது. வெயில் காலத்தில மேல்மண் காஞ்சுபோனா எர்த் இன்னும் மோசமாகும். அதாலதான் கிணத்தடி மாதிரி ஈரம் நிக்கிற இடமாப் பாத்து அடிக்கிறது நல்லது. ஆளைக் கூப்பிட்டு மீற்றர் வைச்சு அளக்கச் சொல்லுங்கோ. ட்ரிப் சுவிச்சின்ர ரெஸ்ற் பட்டனையும் அமத்திப் பாக்கச் சொல்லுங்கோ. நியூற்றலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ள சேத்துக் கட்டிவிடுறன் எண்டு ஆரும் சொன்னா வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அது ஆளைக் கொல்லுற வேலை.

எர்த் சரிவரும்வரைக்கும், கொம்பியூட்டரும் ரீவியும் பிளக்கில இருக்கேக்க எச்டிஎம்ஐ வயரைக் கழட்டிப் பூட்டவேண்டாம். ரீவியில கேபிள் இல்லாட்டி டிஷ் வயர் இருந்தா அதுக்குள்ளால நிலத்துக்கு வழி கிடைக்கும். தகரத்தில நிக்கிற வோல்ற் அந்த வழியாப் பாய்ஞ்சு எச்டிஎம்ஐ ஓட்டையைக் கருக்கிவிடலாம். அப்பிடிப் போன கார்டுகளைக் கண்டிருக்கிறன்.

திருநெல்வேலி திருத்துநர்:

அண்ணை சொன்னது முழுக்கச் சரி. எர்த் சரிவந்த பிறகு இதைப் பாருங்கோ.

நீங்கள் ராமைக் கழட்டி ஒண்டொண்டாப் பாத்தது நல்ல வேலை. சீபியூ லைட் நிண்டு எரியுது, 8 பின்னும் போயிருக்கு. அப்ப நான் முதல்ல பயோசைத்தான், அதாவது போர்டை எழுப்புற உள் மென்பொருளைத்தான், சந்தேகிப்பன். பி450 போர்ட் வந்தது 2018இல. ரைசன் 5000 வரிசை வந்தது 2020 கடைசியில, உங்கட 5600 வந்தது 2022இல. பழைய பயோஸ் உள்ள போர்டுக்கு அந்தச் சீபியூ ஆரெண்டே தெரியாது. வித்தவர் பழைய ரைசன் போட்டு ஓட்டியிருந்தா, அவர் சொன்னதும் உண்மை, உங்களுக்குப் படம் வராததும் உண்மை. போர்ட் பெட்டியில ரைசன் 5000 எண்டு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கோ?

போர்டின்ர பின்பக்கத்தில பயோஸ் பிளாஷ் எண்டு ஒரு பட்டன் இருந்தா சீபியூவைக் கழட்டாமலே புது பயோஸ் ஏத்தலாம். பென்டிரைவை எப்ஏடி32இல போர்மற் பண்ணி, மனுவலில சொன்ன பெயரில பைலைப் போட்டு, அடையாளம் வைச்ச யூஎஸ்பி ஓட்டையில குத்தவேணும். பெயரில ஒரு எழுத்துப் பிழைச்சாலும் எடுக்காது.

கொக்குவில் தங்கச்சி:

ஸ்ரிக்கர் இல்லை அண்ணா. பின்பக்கத்தில பட்டனும் இல்லை. அப்ப என்ன செய்யிறது?

திருநெல்வேலி திருத்துநர்:

அப்ப பழைய சீபியூ ஒண்டைப் போட்டு எழுப்பித்தான் ஏத்தவேணும். என்னட்ட ரைசன் 5 2600 ஒண்டு இதுக்கெண்டே கிடக்குது. போர்டையும் கார்டையும் கொண்டு அப்பாவோடையோ அம்மாவோடையோ கம்பஸ் பக்கம் வாங்கோ, காசு வேண்டாம்.

சீபியூவுக்கு மேல இருக்கிற கூலரைக் கழட்டேக்க மட்டும் கவனம். நாலு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துங்கோ. பிறகு கூலரை நேர மேல இழுக்கக்கூடாது. உங்கட போர்டின்ர சொக்கற்று வகை ஏஎம்4, அதில பின் எல்லாம் சீபியூவிலதான், 1331 பின். இடையில பூசின பேஸ்ற் இறுகியிருந்தா சொக்கற்றுப் பூட்டு மூடியிருக்கேக்கயே சீபியூ கூலரோட ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும், பின் வளையும். கூலரை இடமும் வலமும் மெதுவா முறுக்குங்கோ, பிடி விடுறது கைக்குத் தெரியும். அதுக்குப் பிறகு தூக்குங்கோ. திரும்பப் பூட்டேக்க பழைய பேஸ்றைத் துடைச்சிட்டுப் புதுசு வைக்கவேணும்.

போர்டில அச்சடிச்ச ரெவ் (போர்டின்ர பதிப்பு) இலக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கோ. ஒரே பெயர்ப் போர்டுக்கு ரெவ்வுக்கு ரெவ் பைல் வேற. சில போர்டுக்கு இடையில ஒரு பதிப்பு ஏத்தித்தான் கடைசிப் பதிப்புக்குப் போகலாம். ஏத்தேக்க கரண்ட் போனா போர்ட் போயிடும், அதால யூபிஎஸ்ஸில குத்தித்தான் செய்வன்.

கொக்குவில் தங்கச்சி:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. எர்த் பாக்க ஆள் வந்தவர். ஹோல் பிளக்கில பச்சை வயர் உள்ளுக்குள்ள வெட்டி மடக்கிக் கிடந்தது, வெளியில கம்பியும் துரு. புதுக் கம்பி அடிச்சு, வயரும் இழுத்துத் தந்திட்டார். இப்ப பெட்டியைத் தொட்டா ஒண்டுமில்லை, அம்மாவே தொட்டுப் பாத்தவ.

நேற்று திருநெல்வேலி அண்ணா பயோஸ் ஏத்தித் தந்தவர். 5600ஐத் திரும்பப் போட்டு அமத்த, தானா நிண்டு நிண்டு எழும்பி, பிறகு ரீவியில படம் வந்திட்டுது! விண்டோஸ் 11 ஏத்திக்கொண்டிருக்கிறன். ஒரு சந்தேகம்: ராமில 3200 எண்டு போட்டிருக்கு, பயோசில 2400 எண்டு காட்டுது. ஏமாத்திப்போட்டாங்களோ?

வடமராட்சி அக்கா:

வாசிக்கவே சந்தோசமாக் கிடக்குது தங்கச்சி. ராமில ஏமாத்து இல்லை. முதல்ல கனக்க ராம் குறைஞ்ச வேகத்திலதான் எழும்பும். ராமை அதில போட்டிருக்கிற வேகத்தில ஓடவிடுறதுக்குப் பயோசில எக்ஸ்எம்பி எண்டு இருக்கும், சில போர்டில டிஓசிபி எண்டு இருக்கும். அதை ஒன் பண்ணி எப்10 அமத்திச் சேவ் பண்ணுங்கோ. ராம் ரெண்டும் சீபியூவில இருந்து எண்ணேக்க ரெண்டாவது, நாலாவது ஓட்டையில இருக்கோ எண்டும் பாருங்கோ. சேவ் பண்ணின பிறகு எழும்பாட்டிப் பயப்படாதேங்கோ, பிளக்கைக் கழட்டி, போர்டில இருக்கிற வட்டப் பற்றரியை அஞ்சு நிமிசம் எடுத்து வைச்சிட்டுத் திரும்பப் போட்டா பழையபடி வரும்.