பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி: பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

எல்.கே.ஜி. டீச்சர், திருச்சி:

ஜூன் மாதம் புதிதாக வரும் பிள்ளைகள் பலர் பெரிய ஏபிசிடியைப் பாட்டாகவே பாடிவிடுவார்கள். சின்ன எழுத்து அட்டையைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும். "வீட்டுல எல்லாம் சொல்றானே மிஸ், இங்க ஏன் சொல்ல மாட்டேங்கிறான்?" என்று அம்மாக்கள் கவலையோடு கேட்பார்கள். வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டில் கண்ணில் படுவது பெரிய எழுத்துதான். சின்னது அதன் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும்.

26 ஜோடியையும் ஒரே மாதிரி உருப்போட வைக்கத் தேவையில்லை. சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஏழும் பெரிதானாலும் சிறிதானாலும் ஒரே உருவம்தான். கே, யு இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே. பிள்ளைக்குக் கஷ்டம் ஏ, இ, ஜி, எச், க்யூ, ஆர் மாதிரி ஜோடிகளில்தான். நம் நேரமெல்லாம் அங்கே போக வேண்டும்.

சில ஒர்க்‌ஷீட்டுகளில் ஒரு ஓ-வை மட்டும் தனியாக அச்சடித்து, "பெரியதா, சின்னதா?" என்று கேட்டிருப்பார்கள். பெரியவர்களாலேயே அதைச் சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொரு எழுத்தோ கோடோ இருந்தால்தானே அளவு தெரியும்? அந்தக் கேள்விக்கு ஒரு குழந்தை தப்பாகப் பதில் சொன்னால் தயவுசெய்து திட்டாதீர்கள்.

நாலு கோடு நோட்டு இதற்குத்தான் உதவுகிறது. மேலும் கீழும் சிவப்பு, நடுவில் இரண்டு நீலம். பெரிய எழுத்து எல்லாமே மேல் சிவப்பிலிருந்து கீழ் நீலம் வரை. சின்ன ஏ, சி, இ எல்லாம் இரண்டு நீலத்துக்கு நடுவில் அடங்கும். சின்ன ஜி, ஜே, ஒய் கீழ்ச் சிவப்பு வரை இறங்கும். நோட்டில் எழுத விடும் முன் பிள்ளைகளை உடம்பால் செய்ய வைப்பேன். சின்ன ஏ என்றால் குத்த வைத்து உட்கார வேண்டும், சின்ன எச் என்றால் எழுந்து கையைத் தூக்க வேண்டும், சின்ன ஜி என்றால் வராந்தாத் திண்ணையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட வேண்டும். எங்கள் வகுப்பில் சார்ட்டை விட இதுதான் மனதில் நின்றது.

ஒரு அம்மா, கோயம்புத்தூர்:

டீச்சர், திண்ணை விளையாட்டை நாளைக்கே செய்து பார்க்கிறேன். என் பையனுக்கு நாலு வயது. பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதியதற்கு ஸ்கூலில் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். ரொம்ப வாடிப்போய் வந்தான். முதல் எழுத்தைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் எழுதி அவன் பெயர் அட்டையை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஆர்-இல் தொடங்கும் பெயர், அதனால் அந்தப் பெரிய ஆர் அவனுக்குச் சொந்த எழுத்தாகிவிட்டது. இப்போது தெருவில் போகும்போது வண்டி நம்பர் பிளேட்டைப் பார்த்து "எல்லாமே பெருசு" என்கிறான். வீட்டுக்கு வந்த அமேசான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல பெரிய எழுத்தே இல்ல!" என்று கத்தினான். அது முழுக்கச் சின்ன எழுத்துதான் என்று எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது.

மாண்டிசோரி ஆசிரியை, சென்னை:

நாங்கள் சின்ன எழுத்தில்தான் தொடங்குகிறோம். மரப்பலகையில் ஒட்டிய உப்புத்தாள் எழுத்தைக் குழந்தை விரலால் தடவிக்கொண்டே, எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லும். பெரிய எழுத்து பிறகுதான் வரும். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார், 1939-இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எந்தக் கதைப் புத்தகத்தைத் திறந்தாலும் வாக்கியத்தின் முதல் எழுத்தும் பெயரின் முதல் எழுத்தும்தான் பெரியது, மற்றதெல்லாம் சின்னது. வாசிக்கப் போகிற பிள்ளைக்கு எது முதலில் வேண்டும் என்று யோசியுங்கள்.

எல்.கே.ஜி. டீச்சர், திருச்சி:

நீங்கள் சொல்வது வாசிப்புக்குச் சரி மேடம். எழுதுவதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஸ்டேண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் போடத் தெரிந்தாலே பெரிய எல், இ, எஃப், எச் வந்துவிடும். மூன்றரை வயது விரலுக்குச் சின்ன ஏ-யின் வளைவு கஷ்டம். அதனால் பார்த்துச் சொல்லச் சின்னது, எழுதிப் பழகப் பெரியது என்று இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்துகிறேன்.

ஒரு அப்பா, துபாய்:

யாரும் சொல்லாத ஒன்று. என் மகள் நோட்டில் சின்ன ஏ-யை அழகாக எழுதுவாள், கதைப் புத்தகத்தில் அதே எழுத்தைத் தெரியாது என்பாள். உற்றுப் பார்த்தால் புத்தகத்து ஏ-க்கு மேலே ஒரு கொக்கி இருக்கிறது, நோட்டு ஏ வெறும் வட்டமும் கோடும். ஜி-க்கும் சில புத்தகங்களில் இதே கதைதான். அவளைப் பொறுத்தவரை ஏ இரண்டு இல்லை, மூன்று! ஆண்டிகா என்ற இலவச எழுத்துரு புதிதாக வாசிப்பவர்களுக்கென்றே செய்தது. அதில் இந்த இரண்டும் கையெழுத்து மாதிரியே இருக்கும். அட்டைகளை அதில் அச்சடித்தேன். புத்தகத்து ஏ-யைத் தனியாகக் காட்டி, "இதுவும் அவன்தான்" என்று பிறகு சொல்லிக்கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் நம் பிள்ளைக்கு இது புதுசு என்பார்கள். ஆனால் ஆ என்ற ஒலி தனியாக நின்றால் ஓர் உருவம், கா-வுக்குள் போனால் துணைக்கால். யு.கே.ஜி. படிக்கும் என் பேத்தியிடம் "கா-வுக்குள்ள ஆ எங்கட்டி இருக்கு?" என்று கேட்டேன். துணைக்காலைத் தொட்டுக் காட்டினாள். "அதே மாதிரிதான் இங்கிலீஷ் ஏ-க்கும் ரெண்டு உருவம்" என்றேன். தலையாட்டினாள். உயிர்மெய் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் இது சரிப்படும், அதற்கு முன்னால் சொன்னால் குழப்பம்தான்.

ஒரு அம்மா, கோயம்புத்தூர்:

ஐயா, அருமை. டீச்சர், ஒரு சந்தேகம். பேட் (bat), டாக் (dog) இரண்டுக்கும் முதலில் வரும் சின்ன எழுத்தை மாற்றி மாற்றி எழுதுகிறான். டாக்டரிடம் காட்டணுமா?

எல்.கே.ஜி. டீச்சர், திருச்சி:

நாலு வயதுக்கு அது சகஜம்மா. ஒரு டம்ளரை எந்தப் பக்கம் திருப்பினாலும் டம்ளர்தானே, எழுத்தும் அப்படித்தான் என்று குழந்தை நினைக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுக்காதீர்கள். பேட் எழுத்துக்கு, பெரிய எழுத்தைச் சிலேட்டில் எழுதி மேல் வயிற்றை விரலால் அழிக்கச் சொல்லுங்கள், சின்னது அப்படியே நிற்கும். டாக் எழுத்துக்கு முதலில் சின்ன சி, அப்புறம் ஸ்டேண்டிங் லைன். ஏழு வயது தாண்டியும் அடிக்கடி திரும்பி வந்தால், வாசிப்பும் சிரமமாக இருந்தால், அப்போது காட்டுங்கள்.