உங்கள் நாய்க்கு லீஷ்மேனியா வந்த அனுபவம் உண்டா? எங்கள் ரோமியோவின் கதை

காலிவீதிக்காரன்:

அக்கா குடும்பம் பதினாறு வருடம் பிரான்ஸின் மார்செய்யில் இருந்துவிட்டுப் போன வருடம் வெள்ளவத்தைக்கே திரும்பி வந்தது. பெட்டிகளோடு இரண்டு நாய்களும் வந்தன. ரோமியோ பொக்ஸர். சிம்பா ஸ்பெயின் பக்கத்து இபிசான் வேட்டைநாய், எலும்பும் தோலுமான உடம்பு, முயல் காது. கடற்கரைப் பக்க ஒழுங்கையில் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

ஏழெட்டு மாதம் கழித்து ரோமியோவின் கண்களைச் சுற்றி மயிர் கொட்டத் தொடங்கியது. கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி இருக்கிறான் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு காது நுனியில் பொருக்குத் தட்டிய புண். நகம் வெட்ட வெட்ட வளர்ந்தது, தரையில் நடந்தால் டக் டக் என்று சத்தம். சாப்பாட்டில் குறையில்லை, ஆனாலும் முதுகெலும்பு தெரிந்தது. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் மூக்கால் இரத்தம், விறாந்தை முழுக்கச் சொட்டுச் சொட்டாக.

கொழும்பில் நாய்க்கு மூக்கால் இரத்தம் வந்தால் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது உண்ணிக் காய்ச்சல். நாங்கள் போன இடத்திலும் அதைத்தான் சொல்லி, நாலு கிழமைக்கு டொக்சிசைக்ளின் குளிசை தந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், இந்த ஊரில் அது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். நாய் எங்கேயிருந்து வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த ஒரு மாதம் வீணாகப் போனது.

இரண்டாவதாகப் பார்த்த டொக்டர் இரத்த ரிப்போட்டில் இரண்டு இடத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார். மொத்தப் புரதம் 9.8, அதில் அல்புமின் வெறும் 1.9. மிச்சம் எல்லாம் குளோபியுலின். "இவன் எங்கே பிறந்தவன்?" என்று அப்போதுதான் ஒருவர் கேட்டார். மார்செய் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தென் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலிப் பக்கம் மணல் ஈ கடித்து நாய்களுக்குப் பரவும் லீஷ்மேனியா இன்ஃபான்டம் என்ற ஒட்டுண்ணி அங்கே பரவலாக இருக்கிறதாம்.

முழங்காலுக்குப் பின்னால் வீங்கியிருந்த நிணநீர்க் கணுவில் ஊசி குத்தி எடுத்து, சாயம் போட்டு, என்னையும் நுணுக்குக்காட்டியில் பார்க்கவிட்டார். ஒரு பெரிய கலம். அதற்குள் கடுகை உடைத்துக் கொட்டிய மாதிரிப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு பொட்டு, பக்கத்திலே ஒரு குட்டிக் கோடு. அந்தக் கோட்டைக் கண்டால் ஆளை அடையாளம் கண்ட மாதிரித்தான் என்றார்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த தைரியத்தில் கேட்டேன்: குளோபியுலின் கூட என்றால் பிறபொருளெதிரி (அன்டிபொடி) கூட, அப்படியென்றால் உடம்பு நன்றாகச் சண்டை பிடிக்கிறது என்றுதானே? அங்கேதான் நான் பிழை விட்டேன். பிறபொருளெதிரி பிடிப்பது கலத்துக்கு வெளியே திரிவதை. இந்த ஒட்டுண்ணி குடியிருப்பதோ, கிருமிகளை விழுங்கிச் சாகடிக்க வேண்டிய மக்ரோபேஜ் கலத்துக்குள்ளேயே. கள்ளன் குசினிக்குள் சோறு போட்டுச் சாப்பிட, பொலிஸ் முழுக்கக் கேற்றடியில் நிற்கிற மாதிரி. நிற்பவர்கள் சும்மா நின்றாலும் பரவாயில்லை. பிறபொருளெதிரியும் ஒட்டுண்ணியின் துண்டுகளும் ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய்ப் படிந்து அதைக் கெடுக்கின்றன. ரோமியோவின் அல்புமின் சிறுநீரோடு போய்க்கொண்டிருந்தது அதனால்தான். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.5ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும், அவனுக்கு 2.1. இந்த வியாதியில் நாய்கள் பெரும்பாலும் சாவது சிறுநீரகம் போய்த்தானாம்.

சிம்பாவையும் சோதித்தோம். அவனுக்கும் தொற்று இருக்கிறது! பிறபொருளெதிரி மட்டும் மிகக் குறைவு, புரதம் சரி, சிறுநீர் சரி, மயிர் பளபளப்பு. மார்செய்யில் இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே பின்னேரங்களில் ஈக்கடி வாங்கியவர்கள். இபிசான் நாய்கள் தலைமுறை தலைமுறையாக மணல் ஈ உள்ள இடத்தில் வாழ்ந்தவை, இந்த ஒட்டுண்ணிக்கு எதிராக டி கலங்களை, அதாவது கலத்துக்குள் ஒளிந்த கிருமியையும் சாகடிக்க உதவும் வெள்ளைக் கலங்களை, நன்றாக எழுப்பக்கூடியவை என்றார் டொக்டர். பொக்ஸரும் ஜேர்மன் ஷெப்பேர்ட்டும் இதற்கு இலகுவில் விழுகிற சாதிகளாம்.

மருந்து இரண்டு. மில்ட்டெபோசின் பாணி பிரான்ஸிலிருந்து அத்தானின் சிநேகிதர் கொண்டுவந்தார், 28 நாள் சாப்பாட்டோடு. மற்றது அலோபியுரினோல், மனிதருக்கு யூரிக் அமில வாதத்துக்குக் கொடுப்பது. காலி வீதி பார்மசிக்காரர் "ஐயாவுக்கு எந்தக் கால்?" என்று கேட்டார். நாய்க்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, வலது கால் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேறு யாருக்காவது இப்படி வந்ததா?

வன்னிமாப்பிள்ளை:

நாய்க்கு இல்லை அண்ணை, எனக்கு வந்தது. வவுனியாப் பக்கம் காணி அளக்கிற வேலையில் இருந்தபோது முன்னங்கையில் ஒரு பரு. நோவும் இல்லை, கடியும் இல்லை, அதனால் மூன்று மாதம் கவனிக்கவில்லை. பிறகு நடுவில் குழி விழுந்து புண்ணானது. கொழும்புக்கு வந்து தோல் கிளினிக்கில் காட்டினேன். ஓரத்தில் கீறி எடுத்துப் பார்த்துவிட்டு லீஷ்மேனியா என்றார்கள். கிழமைக்கு ஒரு தடவை புண்ணுக்குள்ளேயே ஊசி. அந்த நோவை இஞ்ச எழுத முடியாது.

இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய முதல் ஆளைப் பற்றி அறிக்கை வந்தது 1992இல். இங்கே இருப்பது லீஷ்மேனியா டொனொவானி. இந்தியாவில் அதே இனம் மண்ணீரலுக்குள் போய்க் கருங்காய்ச்சலாகி ஆளைக் கொல்லும், இங்கே பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. டொக்டர் சொன்ன ஒரு விஷயம் உங்கள் கதையோடு பொருந்துகிறது: தோல் புண் ஆறுவதும் டி கலங்களால்தானாம், பிறபொருளெதிரியால் இல்லை. எனக்கு இப்போது இருப்பது ஐந்து ரூபாய்க் குற்றியளவு தழும்பு மட்டும்.

பேராதனைப்பிள்ளை:

மிருக வைத்தியம் மூன்றாம் வருடம். காலிவீதி அண்ணாவின் பொலிஸ் உதாரணத்தைக் கம்பஸ் நோட்ஸில் எழுதி வைத்துவிட்டேன் 😄

கொஞ்சம் சேர்க்கிறேன். சிம்பா மாதிரி நாய்களில் டி கலங்கள் இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். அது மக்ரோபேஜைத் தட்டி எழுப்ப, உள்ளே நைட்ரிக் ஒக்சைட்டு உண்டாகி ஒட்டுண்ணி சாகும். குசினிக்குள்ளேயே அடி விழுகிறது. ரோமியோ மாதிரி நாய்களில் இன்டர்லூகின்-10 என்ற அடக்கும் சமிக்ஞை கூடி, மக்ரோபேஜ் மந்தமாகிவிடும், பி கலங்கள் பிறபொருளெதிரியை அளவில்லாமல் கொட்டும். புத்தகத்தில் டிஎச்1 (சிம்பா மாதிரி), டிஎச்2 (ரோமியோ மாதிரி) என்று இரண்டு பெட்டியாகப் போட்டிருப்பார்கள். உண்மை நாய்களில் அது அவ்வளவு சுத்தமாகப் பிரியாது, இரண்டும் கலந்தே இருக்கும். வியாதி முற்ற முற்ற டி கலங்கள் களைத்துப் போவதும் உண்டு, கிருமி முன்னால் இருந்தும் வேலை செய்யாது. மருந்தால் கிருமியின் எண்ணிக்கை குறைந்தால் அவற்றுக்கும் மூச்சு வரும். முழுதாக ஒழிப்பது அபூர்வம், அதனால் ரோமியோவை ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டில் வாந்திக்குப் போடும் டொம்பெரிடோன் இருக்கிறதே, அதை ஐரோப்பாவில் நாய்களின் லீஷ்மேனியாவுக்கும் கொடுக்கிறார்கள். அது புரோலாக்டின் ஹோர்மோனைக் கூட்டி, டி கலங்களின் எதிர்ப்பைத் தூண்டிவிடுகிறது. தயவுசெய்து யாரும் தாங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். 2011இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்த கனிலீஷ் தடுப்பூசியும் டி கலங்களைப் பழக்கத்தான். தொற்றையே அது முழுதாகத் தடுக்காது, வியாதியாக மாறும் வாய்ப்பைக் குறைக்கும்.

வன்னிமாப்பிள்ளை அண்ணா, உங்கள் ஒட்டுண்ணியின் பெயரில் உள்ள டொனொவன் 1903இல் சென்னையில் வேலை செய்த டொக்டர். நம்ம பக்கத்து ஆள் மாதிரித்தான்.

தெஹிவளைஅக்கா:

தம்பி, எங்கட பிரவுணி போன கிழமை உங்கட ரோமியோவோடு கடற்கரையில் விளையாடினவள். தொற்றிவிடுமா? இரண்டு நாளாக நித்திரை இல்லை.

காலிவீதிக்காரன்:

அக்கா, நித்திரை கொள்ளுங்கள். நக்குவதாலும் சேர்ந்து விளையாடுவதாலும் இது பரவுவதாக டொக்டர் சொல்லவில்லை. மணல் ஈ வேண்டும், இல்லையென்றால் இரத்தம் ஏற்றும்போது, அல்லது தாயிடமிருந்து குட்டிக்கு. ஆனால் இலங்கையிலும் மணல் ஈ இருக்கிறது, அதை நான் லேசாக எடுக்கவில்லை. ஈயை விரட்டும் டெல்டாமெத்ரின் பட்டி இரண்டு பேருக்கும் கழுத்தில் இருக்கிறது, பொழுதுபட்டால் உள்ளே. சாதாரண நுளம்பு வலைக்குள்ளால் அந்த ஈ நுழைந்துவிடும், அவ்வளவு சின்னது, அதனால் யன்னலுக்கு நெருக்கமான வலை போட்டோம். குட்டி போடவிடும் எண்ணமும் இல்லை.

ஆறு மாதம் முடிந்தது. குளோபியுலின் 7.9இலிருந்து 5.1, சிறுநீர்ப் புரத விகிதம் 2.1இலிருந்து 0.9. கண்ணைச் சுற்றி மயிர் முளைத்துவிட்டது, வாத்தியார் ஓய்வு பெற்றார்.

இப்போது சண்டை அம்மாவோடுதான். அலோபியுரினோல் எடுக்கும் நாய்க்குப் பியூரின் கூடிய சாப்பாடு கொடுத்தால் சிறுநீரில் சந்தீன் கல் உண்டாகும், ஈரல் கண்ணிலும் காட்ட வேண்டாம் என்று டொக்டர் எழுதியே தந்தார். நேற்றும் ரோமியோவின் தட்டைக் கழுவும்போது ஓரத்தில் கோழி ஈரல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. கேட்டால், அது சிம்பாவின் தட்டு என்கிறார்.