பாவனையில் உள்ள மடிக்கணினியையே ‘இல்லை’ என்று காட்டும் ஷெல் ஸ்கிரிப்ட்: உதவி தேவை

கல்லடி வாசகன்

வணக்கம். கல்லடியில் எங்கள் வாசிகசாலையின் கணினி அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ரூட்டர், கேபிள் வழியாக அதனோடு இணைந்து வைஃபை தரும் ஓர் அக்சஸ் பொயின்ட் பின்மண்டபத்தில், விண்டோஸ் மடிக்கணினிகள் சில, வைஃபை பிரிண்டர் ஒன்று. டெபியன் லினக்ஸ் நிறுவிய பழைய கணினி ஒன்றும் ரூட்டரோடு கேபிளில் இருக்கிறது. மாலையில் உயர்தர மாணவர்கள் வந்து நிறைந்ததும் பின்மண்டபத்தில் இணைப்பு விட்டுவிட்டுப் போகிறது. பரீட்சை நெருங்கும் காலம். பிள்ளைகள் பாதிப் பாடத்தில் திகைத்து நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

எது எப்போது விழுகிறது என்று அறிய டெபியனில் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதினேன். 192.168.1.1 முதல் 254 வரை வரிசையாக ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு பிங் (‘இருக்கிறாயா?’ என்ற சோதனைக் கேள்வி), ஒரு விநாடி காத்திருப்பு. பதில் வந்தால் ‘உண்டு’, வராவிட்டால் ‘இல்லை’ என்று நேரத்துடன் கோப்பில் எழுதும். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் அதை நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டுகிறது. ஆனால் என் கண்முன்னே ஒரு மாணவி பயன்படுத்திக்கொண்டிருக்கும் மடிக்கணினியை அது ‘இல்லை’ என்கிறது. கோப்பின் வரிகளும் நேர ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கின்றன.

வாவிக்கரை

தம்பி, வரிகள் கலப்பதற்குக் காரணம் நேரக் கணக்கு. வெறுமையான முகவரி ஒவ்வொன்றும் ஒரு விநாடியைத் தின்னும். 254 முகவரிகளைக் கடக்க நான்கு நிமிடம் ஆகும். அதற்குள் கிரான் அடுத்தடுத்த ஓட்டங்களைத் தொடக்கிவிடுகிறது, எல்லாம் ஒரே கோப்பில் எழுதுகின்றன. பிங் வரியின் முடிவில் & குறி இட்டு, சுற்று முடிந்த இடத்தில் ‘வெயிட்’ என்று எழுதுங்கள்; பிங்குகள் ஒன்றுக்கொன்று காத்திராமல் ஒன்றாகப் போய்ச் சில விநாடிகளில் முடிந்துவிடும். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி ‘எஃப்லொக்’ கொண்டு பூட்டியும் வையுங்கள்.

மருதமுனையான்

வாவிக்கரை சொன்னது ஓட்டத்தைச் சீராக்கும். ‘இல்லை’ என்ற பொய்யைத் திருத்தாது. பொது வலையமைப்பு என்று குறித்து வைத்த இணைப்பில் விண்டோஸின் தீயரண் (ஃபயர்வோல்) பிங்குக்கு இயல்பாகவே வாய் திறக்காது. ஆகவே பிங்குக்கு மௌனம் என்றால் சாதனம் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஏஆர்பியைக் கேளுங்கள் தம்பி. 1982இல் வகுக்கப்பட்ட நெறிமுறை அது. ஒரே வலையமைப்பில் உள்ள சாதனம் “இந்த ஐபி முகவரி யாருடையது?” என்ற கேள்விக்குத் தன் மாக் முகவரியை (வலையமைப்பு வன்பொருளின் அடையாள எண்ணை) சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அதற்கு எந்தத் தரவுப் பொட்டலமும் வந்து சேராது. பிங்கை மறுக்கும் கணினியும் இதற்குப் பதில் தரும். எல்லா முகவரிகளுக்கும் இக்கேள்வியை அனுப்பும் ‘ஆர்ப்-ஸ்கேன்’ நிறுவி, ரூட் (நிர்வாகி) உரிமையுடன் ஓட்டிப் பாருங்கள். ஒரே சுற்றில் காணாததை உடனே ‘இல்லை’ என்று எழுதவும் வேண்டாம். மின்கலத்தைச் சேமிக்க உறங்கும் சாதனங்கள் ஓரிரு கேள்விகளைத் தவறவிடும்; தொடர்ந்து மூன்று சுற்றில் காணாவிட்டால் எழுதுங்கள்.

திருக்கோவில் ஆசிரியை

ரூட்டரின் டிஎச்சிபி பட்டியலில் எல்லாச் சாதனங்களும் பெயரோடு இருக்கின்றனவே, அதைப் பார்த்தால் போதாதா? இன்னொன்று: மாணவர்களின் கைத்தொலைபேசிகளும் இந்தக் கோப்பில் பதிவாகுமா? எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, போனது என்ற பதிவு ஒரு வாசிகசாலையில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மருதமுனையான்

டிஎச்சிபி பட்டியல் யாருக்கு முகவரி கொடுத்தோம் என்பதைத்தான் சொல்லும், ஆசிரியை. சாதனம் வெளியேறினாலும் குத்தகைக் காலம் முடியும்வரை பெயர் அங்கேயே இருக்கும். பல ரூட்டர்களில் அது 12 அல்லது 24 மணித்தியாலம்.

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். 2019இல் வந்த ஆண்ட்ராய்ட் 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் கைத்தொலைபேசிகள் வலையமைப்புக்கு வலையமைப்பு வேறொரு தற்செயல் மாக் முகவரியைக் காட்டுவது இதே காரணத்துக்காகத்தான். அதன் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். தம்பி, வாசிகசாலைக்குச் சொந்தமானவற்றின் மாக் முகவரிகளை மட்டும் ஒரு கோப்பில் எழுதி, வரிகளை வடிகட்டும் ‘கிரெப்’ மூலம் அவற்றை மட்டுமே பதியுங்கள். உங்கள் பழுதைத் தேட அதுவே தாராளம்.

கல்லடி வாசகன்

நன்றி நானா. ஆசிரியை கேட்டதும் நியாயம். எங்கள் சாதனங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். கையால் ஓட்டினால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. கிரானில் போட்டால் கோப்பு வெறுமையாக இருக்கிறது.

வாவிக்கரை

ரூட் பயனரின் கிரான்டப்பில் (கிரான் ஓட்ட வேண்டியவற்றின் பட்டியலில்) போடுங்கள். அதோடு, கிரான் மிகச் சில அடைவுகளில்தான் கட்டளையைத் தேடும். ஆர்ப்-ஸ்கேன் இருக்கும் ‘எஸ்பின்’ அதில் சேராது. கட்டளையின் முழுப் பாதையையும் ஸ்கிரிப்ட்டில் எழுதிவிடுங்கள்.

கல்லடி வாசகன்

இப்போது ஓடுகிறது, அண்ணன். நேற்று மாலைப் பதிவில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: முன்னறை மடிக்கணினிகள் அசையவில்லை. பின்மண்டபத்து அக்சஸ் பொயின்ட் மறையும்போதெல்லாம் அதில் இணைந்தவையும் ஒன்றாக மறைந்து, சில நிமிடங்களில் ஒன்றாகத் திரும்புகின்றன.

வாவிக்கரை

அக்சஸ் பொயின்ட்டின் நிர்வாகப் பக்கத்தில் அது எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்று பாருங்கள். விழுந்த பிறகும் நேரம் தொடர்ந்து ஏறியிருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தால் மின்சாரம்.

கல்லடி வாசகன்

பூச்சியத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. மாணவர்கள் சார்ஜர் செருகும் அதே மல்டிபிளக்கில்தான் அக்சஸ் பொயின்ட்டின் அடப்டரும் இருக்கிறது. கை பட்டாலே ஆடுகிறது. அடப்டரைச் சுவர்ப் பிளக்குக்கு மாற்றிவிட்டேன். ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடட்டும், ஒரு வாரப் பதிவைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.