படங்கு கட்டிவிட்டால் பாரம் கட்டியதாகுமா?

சுன்னாகம் லொறிக்காரன்:
சுன்னாகச் சந்தையிலிருந்து தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றுகிறேன். திரும்பும்போது வெறும் லொறியாக வந்தால் கட்டாது, கிடைத்ததை ஏற்றுவேன். போன கிழமை தெற்கில் ஒரு களஞ்சியத்துக்குக் கூரைத் தகடு ஏற்றப் போனேன். சுமையைச் சுற்றிப் போட்டு நெம்பி இறுக்கும் நாடா, அந்த இறுக்குப் பட்டி இல்லையென்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். கயிறு இருந்தது, புதுத் தார்ப்பாய்ப் படங்கும் இருந்தது. படங்கைப் போர்த்திக் குறுக்கும் நெடுக்குமாக நைலோன் கயிறு போட்டு இறுக்கினால் எந்தச் சாமான் அசையும்? பட்டி விற்கிறவனுக்குத்தான் பட்டி தேவை.

மரக்காலை:
தகடு அசையும், அண்ணை. படங்கு மழைக்கும் தூசிக்கும். சுமையைப் பிடிப்பது அதன் வேலை அல்ல. பிரேக் பிடித்தால் லொறி நிற்கும், மேலே இருப்பது போய்க்கொண்டிருக்கும். அமெரிக்கப் போக்குவரத்து விதியின்படி, கட்டு என்பது சுமையின் எடையில் 80 சதவீத விசையை முன்பக்கமாகவும், 50 சதவீதத்தைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் தாங்க வேண்டும். 5 தொன் தகடு என்றால் 4 தொன் விசை உங்கள் முதுகை நோக்கி வருகிறது. மாங்குளத்துக்கு அப்பால் இரவில் மாடு குறுக்கே வந்தால் என்ன செய்வீர்கள்?

சுன்னாகம் லொறிக்காரன்:
அமெரிக்க விதி ஆனையிறவு தாண்டி வராது, தம்பி. தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் நாளில் அந்த வெளியால் நீர் லொறி ஓட்டியிருக்கிறீரா? தெற்கே போகும்போது வலப்பக்கத்தால் அடிக்கும். காற்று படங்குக்குள் புகுந்தால் கயிற்றோடு கிழித்துக்கொண்டு போய்விடும். இரண்டு படங்கு போடுகிறவன் பின்னதை முதலில் விரித்து, முன்னதை அதன்மேல் ஏற்றிப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் எதிர்காற்று விளிம்பைத் தூக்கிவிடும். இதையெல்லாம் எந்த விதிப் புத்தகத்தில் படித்தோம்?

கொடிகாமம் வியாபாரி:
படங்கு என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. வெங்காயத்தை நாலு பக்கமும் மூடி இறுக்கிக் கொண்டுபோகிறீர்கள். உள்ளே வெக்கை, தம்புள்ளையில் அவிழ்த்தால் சாக்கெல்லாம் ஈரம். மழை இல்லாத நாளில் மேலே மட்டும் மூடிப் பக்கங்களைக் காற்றுக்கு விட்டால் என்ன?

சுன்னாகம் லொறிக்காரன்:
வவுனியாவில் மழை பிடித்தால் இறங்கி மூடுவது யார்? நீங்களா?

மரக்காலை:
வெங்காயத்தை விடுங்கள். அது சாக்கோடு சாக்கு கவ்வி நிற்கும். லொறிக்குப் பக்கப் பலகையும் இருக்கிறது. காற்றைப் பற்றி அண்ணை சொன்னது முழுதும் சரி. ஆனால் திருப்பி அனுப்பியது தகட்டுக்காக. தகட்டின்மேல் தகடு வழுக்கும். அடுக்கும் தாழ்வு; மேலால் போடும் கயிறு ஏறத்தாழப் படுத்துவிடுகிறது. நேர் கீழாக இழுக்கும் கயிறு 100 பங்கு அழுத்தினால், லொறித் தளத்தோடு 30 பாகையில் சரிந்த கயிறு 50 பங்குதான் அழுத்தும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் பாதி வீண். நைலோன் வேறு இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். புறப்படும்போது வீணைத் தந்தியாக இருந்தது வழியில் தொய்ந்துவிடும். பொலியெஸ்டர் பட்டி அந்த அளவுக்கு இழுபடாது. அதையும்கூட முதல் 80 கிலோமீற்றருக்குள் நிறுத்திப் பார்த்து மறுபடி இறுக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், தகட்டை முன் தடுப்போடு இடைவெளி இல்லாமல் ஒட்ட அடுக்க வேண்டும்.

சுன்னாகம் லொறிக்காரன்:
தகட்டு விளிம்பு கயிற்றை அறுக்கிற மாதிரித்தான் பட்டியையும் அறுக்கும். அதைச் சொல்ல மறந்துவிட்டீர்.

மரக்காலை:
அறுக்கும். பழைய ரயர் துண்டு ஒன்றை மூலையில் வைத்தால் போதும்.

திருநெல்வேலி வெல்டிங்:
இரண்டு பேரும் பட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். அதை எங்கே மாட்டப்போகிறீர்கள்? நம் ஊர் மரப்பெட்டி லொறிகளில் பக்கத்தில் இருப்பது படங்குக் கயிற்றுக்கு வளைத்து வைத்த கம்பிக் கொக்கி. அதில் பட்டியை மாட்டி நெம்பினால் தகடு இறுகுவதற்கு முன் கொக்கி நிமிர்ந்துவிடும். தடித்த வளையம் வேண்டும்; அதைக் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். நீளச் சட்டத்தின் விளிம்பில் வெல்ட் வைக்கச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். நான் செய்வதில்லை. சூடு பட்ட இடம் பலமிழந்து பிறகு அங்கேதான் வெடிக்கும்.

சுன்னாகம் லொறிக்காரன்:
இவர் சொல்வது விளங்குகிறது. ஆனால் பட்டி, வளையம், போல்ட், ரயர் துண்டு எல்லாம் லொறிக்காரன் தலையில். கூலி மட்டும் பழைய கூலி.

மரக்காலை:
கூலியில் சேர்த்துக் கேளுங்கள், அண்ணை.

சுன்னாகம் லொறிக்காரன்:
கேட்டேன். அடுத்த லொறியைக் கூப்பிட்டார்கள்.

மரக்காலை:
அந்த லொறியில் பட்டி இருந்ததா?

சுன்னாகம் லொறிக்காரன்:
இருந்தது. படங்குதான் ஓட்டை.