புதுப்பிப்பு: நாடா வயிற்றின் மேல் வளைந்திருந்தது

ஒரே ஆளுக்கு நாடி அலை வேகம் (நாடித் துடிப்பின் அலை தமனி வழியே ஓடும் வேகம்; தமனி விறைத்தால் இது கூடும்) ஒருநாள் நொடிக்கு 8.0 மீட்டர், மறுநாள் 8.5 என்று வந்தது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. கருவியில் கோளாறு இல்லை. அலை கடக்கும் நேரம் இரண்டு நாளும் 60 மில்லிநொடிதான். மறுநாள் அளவு நாடாவை வயிற்று மேட்டின் மீது படியவிட்டிருக்கிறேன். கழுத்துத் துடிப்பிலிருந்து தொடை இடுக்குத் துடிப்பு வரை 60 செ.மீ. வர வேண்டியது 64 ஆகிவிட்டது. 2012 நிபுணர் பரிந்துரைப்படி இந்தத் தூரத்தை 0.8ஆல் பெருக்கி, நேரத்தால் வகுத்தாலும் பிழை அப்படியே கூட வருகிறது. தமனி வயிற்று மேட்டைச் சுற்றி ஓடுவதில்லையே! தமனி விறைப்புக்கு எல்லைக்கோடான நொடிக்கு 10 மீட்டரை ஒட்டி இருப்பவருக்கு இந்த 4 செ.மீ. முடிவையே மாற்றிவிடும்.

இப்போது நாடாவை உடலில் படாமல் மேலே நேராக இழுத்துப் பிடித்து அளக்கிறேன். நீண்ட கைகள் கொண்ட காலிப்பர் (இரு புள்ளிகளுக்கு இடையே நேர் தூரம் அளக்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது.