லேமினேட் தரையில் சைக்கிள் டிரெய்னர்: அடியில் எதை விரிக்கலாம்?

கேள்வி:
இரண்டாம் மாடி ஃபிளாட், லேமினேட் தரை. டைரக்ட் டிரைவ் டிரெய்னர் (பின்சக்கரத்தைக் கழட்டிட்டு சைக்கிளை மாட்டி, வீட்டுக்குள்ளே நின்ன இடத்திலேயே மிதிக்கிற ஸ்டாண்ட்) வாங்கியிருக்கேன். வியர்வை, கீறல், கீழ்வீட்டுக்குப் போகிற அதிர்வு, மூணுக்கும் சேர்த்து என்ன விரிக்கலாம்? துண்டு துண்டா கோர்க்கிற ஃபோம் மேட் போதுமா?

பதில் 1:
அது வேண்டாங்க. இணைப்பு வழியா வியர்வை கீழே இறங்கும். டிரெய்னர் கால் நிற்கிற இடம் குழிவிழுந்து வண்டி ஆடும். லேமினேட்டுக்கு ஈரம்தான் முதல் எதிரி. இடுக்கில் தண்ணி போனா உள்ளே இருக்கிற மரத்தூள் அட்டை உப்பிடும், காய்ஞ்சாலும் பழையபடி அமராது. ஒரே துண்டா 6 அடிக்கு 3 அடி மேட் எடுங்க. முன்சக்கரமும் அதுக்குள்ளே வரணும், ஏன்னா வியர்வை அதிகம் சொட்டுறது ஹேண்டில்பாருக்குக் கீழேதான்.

பதில் 2:
அதிர்வுக்கு மேட் மட்டும் பத்தாது. கீழே ஃபோம், நடுவில் 12 மி.மீ. பிளைவுட், மேலே ரப்பர். பிளைவுட் பாரத்தைப் பரப்பும். அது இல்லேன்னா ஃபோம் கால்களுக்கடியில் நசுங்கி, அதிர்வை அப்படியே தரைக்கு விட்டுடும். பிளைவுட் ஓரங்களுக்கு வார்னிஷ் அடிச்சிடுங்க.

பதில் 3:
வினைல் தரைக்காரங்க கவனிங்க: கறுப்பு ரப்பர் நேரடியா படவே கூடாது. அதிலுள்ள ரசாயனம் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் கறை விழும், தேய்ச்சாலும் போகாது. எந்தத் தரைக்கும், ஓட்டி முடிச்சதும் மேட்டைத் துடைங்க. வாரம் ஒருமுறை தூக்கி அடியில் சேர்ந்த மணலைக் கூட்டி, ஈரம் காய விடுங்க.