பங்களாக் குளத்துக் கட்டு: கசிவு, வான், யார் பொறுப்பு?

கேள்வி – ஊவாக் காணி
பண்டாரவளைப் பக்கம் பழைய பங்களாவோடு 4 ஏக்கர் காணி விலைக்கு வருகிறது. ஓடையை மறித்து, படகு விடவும் தூண்டில் போடவும் கட்டிய குளம் ஒன்று உள்ளே இருக்கிறது. மண்கட்டு, 15 அடி உயரம். முகட்டில் மூன்று பெரிய சவுக்கு. வான் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வழி) கிடையாது, 6 அங்குலக் குழாய் மட்டும். கட்டின் அடியில் ஓரிடம் வெயில் காலத்திலும் சொதசொதவென்று கிடக்கிறது. கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம். மண் போட்டு உயர்த்தினால் போதுமா? உடைந்தால் யார் பதில் சொல்வது?

பதில் – மண்வெட்டி
உயர்த்தவே வேண்டாம். கூடத் தண்ணீர் நிற்கும், அழுத்தம் ஏறும், அவ்வளவுதான்.

முதலில் அந்தச் சொதசொதப்பைப் பாருங்கள். சின்ன வாய்க்கால் வெட்டி ஒரு துண்டுக் குழாய் வைத்து, 10 லீற்றர் வாளி நிறைய எத்தனை செக்கன் என்று வாரம் ஒருமுறை எழுதுங்கள். குளத்து நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் ஆபத்து. வாளியின் அடியில் மண் படிந்தால் அதைவிட ஆபத்து: கட்டு உள்ளுக்குள் அரிபடுகிறது. அப்போது முதல் வேலை லயத்து ஆட்களை வெளியே எடுப்பது. களியோ கொங்கிரீட்டோ வைத்து வாயை அடைத்தால் தண்ணீர் வேறு வழி பார்க்கும். கசிகிற இடத்தின்மேல் மணல், அதன்மேல் சல்லி, ஒவ்வொன்றும் அரை அடி போடுங்கள். தண்ணீர் போகட்டும், மண் நிற்கட்டும்.

மட்டத்தை இறக்குவது நாளுக்கு ஒரு அடிக்கு மேல் கூடாது. வேகமாக இறக்கினால் கட்டின் தண்ணீர்ப் பக்கத்து ஊறிய சரிவு தாங்கலின்றிச் சரியும்.

பதில் – வான்கட்டு
குழாயை வான் என்று நம்பாதீர்கள். மேலிருந்து வடிகிற நிலம் 10 ஹெக்டேயர், மழை மணிக்கு 100 மில்லிமீற்றர், அதில் பாதி ஓடி வந்தாலே செக்கனுக்கு ஏறக்குறைய 1,400 லீற்றர். 6 அங்குலக் குழாய் முகப்பில் ஒரு மீற்றர் தண்ணீர் நின்றாலும் 50 லீற்றர் தாண்டாது. சவுக்கு இலை அடைத்தால் அதுவும் இல்லை. மிச்சம் முகட்டால் பாயும், மண்கட்டு அதைத் தாங்காது. கட்டின் ஓரத்தில், வெட்டாத கெட்டி நிலத்தில், 40 சென்ரிமீற்றர் ஆழம் பாய 3.5 மீற்றர் அகல வானாவது வேண்டும். அதற்கு மேலேயும் முகடு இரண்டடி நிற்க வேண்டும். இது கைக்கணக்கு, அளவைப் பொறியியலாளர் முடிவாக்கட்டும்.

ஊவாவில் ஒக்ரோபர் மழைக்கு முன், யூன் முதல் ஓகஸ்ட் வரை வேலை செய்யலாம்.

பதில் – உறுதிக்காரன்
காணி உங்களுடையது என்பதால் ஓடையும் உங்களுடையதாகாது. பொது நீரோடைகள் அரச காணிக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அயல் தோட்டக் காணி கம்பனி கையில் இருந்தாலும் பெரும்பாலும் அது குத்தகைதான், உரிமை அரசுடையது. ஆகவே நில அளவையாளரிடம் கட்டின் இரு முனை, அடி, குளம் நிறையும் கோடு, வான் போகும் வழி எல்லாம் பிளானில் போடச் சொல்லுங்கள். கட்டின் ஒரு முனை எல்லை தாண்டியிருந்தால் கையொப்பம் வைக்காதீர்கள். தெரிந்தே கவனிக்காமல் விட்டு உடைந்தால் நட்டஈட்டு வழக்கு சொந்தக்காரர் மேல்தான் வரும். ‘சொந்தப் பொறுப்பில் குளிக்கவும்’ என்ற பலகை லயத்து ஆட்களைக் கட்டுப்படுத்தாது.

ஊவாக் காணி
சவுக்கை மட்டும் இப்போதே வெட்டிவிடலாமா?

மண்வெட்டி
வெட்டிவிட்டு வேரை விட்டால் அது உக்கி, கட்டுக்குள் குழாய் மாதிரி வழி விடும். மட்டத்தை இறக்கி, குற்றியோடு தோண்டி, களிமண்ணை அரை அடி அரை அடியாகக் கொட்டி இடித்து நிரப்புங்கள். அதுவரை கிளையை மட்டும் கழியுங்கள். காற்றுக்கு மரம் சாய்ந்தால் முகட்டையும் பிடுங்கிக்கொண்டு போகும்.